பொருள்: கெர்னல் பாடத்துக்கு ஒரு சொல்: பற்றெண்ணா, பிடியெண்ணா?

கும்பகோணத்திலிருந்து:
திங்கட்கிழமை எங்கள் கல்லூரியில் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) வகுப்பு. நெட்வொர்க் இடைமுகத்தைப் பயன்படுத்தும் நிரல் டெவ்_ஹோல்ட் என்ற செயற்கூறை அழைத்தால், அந்த இடைமுகம் எத்தனை பேர் பிடியில் இருக்கிறது என்ற கணக்கில் (ரெஃபரன்ஸ் கவுண்ட்) ஒன்று கூடும். வேலை முடிந்து டெவ்_புட் அழைத்தால் ஒன்று குறையும். பிழை நேர்ந்து பாதியில் திரும்பும் வழியில் டெவ்_புட் விடுபட்டால் கணக்கு இறங்காது. இடைமுகத்தை நீக்கப் போனால், அது விடுபடக் காத்திருப்பதாகப் பத்து வினாடிக்கு ஒருமுறை கெர்னல் புலம்பும். திருத்தம் பெரும்பாலும் ஒரே வரி. அந்தக் கணக்குக்கும் இந்தப் பிழைக்கும் தமிழ்ப் பெயர்தான் வரவில்லை. ‘குறிப்பெண்ணிக்கைக் கசிவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

திருவையாற்றிலிருந்து:
‘குறிப்பு’ எதற்கு ஐயா? ஹோல்ட் என்றால் பற்று, புட் என்றால் விடு. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளிலேயே இரண்டும் இருக்கின்றன. பற்று ஏவலாகவும் நிற்கும், முதனிலைத் தொழிற்பெயராகவும் நிற்கும். உக்குறள் மெய்விட்டு ஓடப் ‘பற்றெண்’ ஆகிவிடும். பற்றாசு, பற்றிரும்பு, பற்றுக்கோடு எல்லாம் ஒரே வேர். பத்தாயமும் ‘பற்றாயம்’தானோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்.

தஞ்சாவூரிலிருந்து:
பத்தாயத்தில் நெல் கிடக்கட்டும், விடுங்கள். வங்கியில் பற்று என்றால் டெபிட். கணக்குப் பிழை பற்றிய பாடத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் மாணவன் கழித்தல் என்றுதான் நினைப்பான். இங்கேயோ அது கூட்டல். ‘பிடியெண்’ போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

மன்னார்குடியிலிருந்து:
எனக்குக் ‘கசிவு’தான் உறுத்துகிறது. வரப்பு கசிந்தால் வயலில் தண்ணீர் குறையும். இந்த எண்ணோ ஐப்பசி மழையில் வடிகால் தூர்ந்த வயல் மாதிரி இறங்காமல் நிற்கிறது. ‘வடியாமை’ என்போமே.

திருவையாற்றிலிருந்து:
கசிவது எண் இல்லை தம்பி, நினைவகம். யாருக்கும் பயன்படாமல், திரும்பியும் வராமல் போகிறதே. ‘நினைவகக் கசிவு’ ஏற்கெனவே புழங்குகிற சொல். அதற்கு வடியாமை என்று ஒட்டுப் போட்டால் இரண்டும் கெடும்.

தஞ்சாவூரிலிருந்து:
அப்படியானால் ‘நிலுவை’. எடுத்தது திரும்பவில்லை, கணக்கப்பிள்ளை காலத்திலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

கும்பகோணத்திலிருந்து:
சரி, அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று பேர் ‘பற்றெண்’ணுக்குத் தலையாட்டியதால் அதுவே, பிழை ‘பற்று நிலுவை’. முதல் இடத்தில் மட்டும் ரெஃபரன்ஸ் கவுண்ட் என்றும் போடுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
தலையாட்டியவர்களில் நான் இல்லை. ‘பிடியெண்’ அடிக்குறிப்பிலாவது வரட்டும். அப்புறம், 2022-இல் கெர்னலின் 5.17 பதிப்பில் வந்ததே, யார் பற்றினார், யார் இன்னும் விடவில்லை என்று காட்டும் வசதி, அதற்கு என்ன பெயர் வைத்தீர்கள்?