மறு: கிற்றார்க் கழுத்தின் 'ஸ்கேல்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கிற்றார்க் கம்பி அதிரும் நீளத்தைக் குறிக்கும் 'ஸ்கேல்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இழை நீண்டுவிட்டது. இந்தச் சொல்லை நான் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கையைச் சுட்டுக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது, அதையே சொல்லிவிடுகிறேன்.

மின்கிற்றார் ஒன்றை நானே செய்ய வெளிக்கிட்டேன். உடற்பலகையை மொறட்டுவைத் தச்சர் ஒருவர் பலா மரத்தில் வெட்டித் தந்தார். வீணைக்கு ஆகிற மரம் இதற்கு ஆகாதா என்ற துணிவுதான். 25½ அங்குல, அதாவது 648 மில்லிமீற்றர், ஸ்கேலுக்குக் கணக்குப் பார்த்து, உடலில் கம்பியைத் தாங்கும் குதிரையையும் பூட்டியாயிற்று. கைவசம் இருந்த பழைய கழுத்து முறுகிப்போயிருந்ததால் மாற்றுக் கழுத்து தேடினேன். கொழும்பில் ஒரு கடைக்கு அழைத்து "ஸ்கேல் எவ்வளவு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து "இருபத்தைந்தரை அங்குலம்" என்று பதில் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு திருகாணியும் முடுக்கிச் சுருதி சேர்த்தேன். வெறுங்கம்பி சரி. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளில், இரட்டைப் புள்ளி இருக்கிற பன்னிரண்டாவதில் அழுத்தினால் ஆறு கம்பியும் தாழ்ந்து ஒலித்தன. குதிரையின் மேல் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேணங்களை முன்னால் தள்ளித் தள்ளி, திருகும் முடிந்துவிட்டது. அப்புறம்தான் அளவுநாடாவை எடுத்தேன். தலைப்பக்கத்தில் கம்பி ஏறி இறங்கும் வெள்ளை எலும்புத் துண்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை 314 மில்லிமீற்றர். அதை இரட்டித்தால் 628, கிப்சன் நிறுவனத்துக் கிற்றார் வகையின் 24¾ அங்குலம். சரி, கடைக்காரர் பொய் சொன்னாரா? நாடாவைத் தலையின் நுனியிலிருந்து அடி வரை வைத்துப் பார்த்தேன். அச்சொட்டாக 25½ அங்குலம்! மனிதர் ஸ்கேல் என்றதும் மரத்தை முழுசாக அளந்திருக்கிறார்.

ஆகவே, நாடாவை எங்கே வைப்பது என்று காட்டாத சொல் எனக்கு வேண்டாம். 'அளவுகோல் நீளம்' என்றால் நம் பிள்ளைகள் அடிமட்டத்தைத்தான் தேடுவார்கள். 'சுரவரிசை நீளம்' அதைவிட மோசம். என் முன்மொழிவு: அதிர்நீளம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் சுரமானி என்ற கம்பிக் கருவியில் இரண்டு பாலங்களுக்கு நடுவே அதிரும் நீளத்தை அளந்தவர்கள்தானே. அதே விஷயம்தான் இங்கே மரத்தின் மேல் ஏறியிருக்கிறது.

> மெட்டை அழுத்தினால் அதிர்கிற நீளம் குறைந்துவிடுகிறதே?

குறையத்தான் வேண்டும், மெட்டின் வேலையே அது. 648 அதிர்நீளத்தில் முதல் மெட்டு ஏறத்தாழ 36.4 மில்லிமீற்றரில் விழும். மிஞ்சிய நீளத்தில் மறுபடி அதே விகிதம், இப்படியே பன்னிரண்டாவது சரி பாதியில். 628இல் முதல் மெட்டு 35.2. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்தான் என்பதால் கண்ணால் பார்த்துக் கழுத்து வாங்க முடியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை யாரும் எழுப்பவில்லை, நானே சொல்கிறேன். சுருதி சரிவர, தடித்த கம்பியின் சேணத்தைச் சில மில்லிமீற்றர் பின்னுக்கு இழுத்து வைக்கிறோம். அப்படியானால் உண்மையில் அதிர்கிற நீளம் 648ஐத் தாண்டுகிறது. எனவே வரைவிலக்கணத்தை இறுக்கிவிடுவோம்: மேருவிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள தூரத்தின் இரு மடங்கே அதிர்நீளம்.

மேரு என்று எழுதியது அந்த எலும்புத் துண்டைத்தான். அதன் ஆங்கிலப் பெயரான 'நட்' என்பதைக் 'கொட்டை' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். வீணைக்காரர் வாயில் மேருவும் குதிரையும் மெட்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. குதிரை என்று வந்த பிறகு மேலே சேணம் வைப்பதில் யாருக்கு என்ன தடை?

> யாழுக்குக் கோடு, வீணைக்குத் தண்டி. நமக்கு மட்டும் ஏன் கழுத்து? விபுலானந்த அடிகளின் மண்ணிலிருந்து எழுதுகிறீர்கள்!

ஐயா, 1947இல் வந்த அடிகளின் யாழ் நூலை வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து புரட்டியவன்தான் நான். ஆனால் யாழின் கோடு நரம்பைத் தாங்கி வளைந்து நிற்கிறது, அதில் யாரும் விரல் வைத்து அழுத்துவதில்லை. தண்டி நெருங்கி வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஏவலாகப் படித்தால் யாரையோ தண்டிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது. தலை, உடல் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டு நடுவில் கழுத்தை மட்டும் வெட்டுவானேன்?

கழுத்து உடலில் இறங்கும் முனைக்குக் 'கழுத்தடி', அது உட்காரும் பள்ளத்துக்குக் 'கழுத்துக்குழி'. கழுத்துக்குழி உடலுறுப்பின் பெயர் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, இடமும் அதேதான். ஃபெண்டர் நிறுவனத்துக் கிற்றார்களில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தடி வளைந்தது, டெலிகாஸ்டருடையது சதுரம். மாறி வாங்கினால் ஒன்றில் மூலையில் இடைவெளி தெரியும், மற்றதில் குழிக்குள் இறங்கவே இறங்காது.

மெட்டுகள் பதித்த விரற்பலகையின் மேல்வளைவுக்கு 'வளைவாரை', அதாவது வளைவின் ஆரை, போதும். 7¼, 9½, 12 அங்குலம் என்று சொன்னால் வாசிப்பவருக்கு விளங்கிவிடும்.

கழுத்தின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பிக்கு, 1923இல் கிப்சன் நிறுவனத்துத் தாடியஸ் மக்கியூ ஆக்கவுரிமை பெற்றாரே அதற்கு, 'இழுகம்பி' என்கிறார்கள். நான் 'நிமிர்கம்பி' என்பேன். கம்பிகளின் இழுப்பில் கழுத்து முன்னால் வளைகிறது, இதை முடுக்கினால் நிமிர்கிறது. கொழும்பு ஈரப்பதத்தில் மழைக்கும் வெயிலுக்கும் நடுவே கால் சுற்று முடுக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பிடிக்கும். பிடிக்காவிட்டால் எதிர்த்து எழுதுங்கள்.

நேற்று மறுபடி அதே கடைக்குப் போனேன். ஸ்கேல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "அண்ணை, இந்த எலும்பிலிருந்து இரட்டைப் புள்ளிக்குப் பக்கத்து மெட்டு வரைக்கும் அளவுங்கோ" என்றேன். புள்ளிக்கு எந்தப் பக்கத்து மெட்டு என்று கேட்டார். உடலுக்குக் கிட்டவாக இருப்பது என்றேன். 324. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பழையதை அவர் திருப்பி எடுக்கவில்லை. யாருக்காவது 24¾ அங்குல அதிர்நீளக் கழுத்து ஒன்று தேவைப்பட்டால் எழுதுங்கோ, வெள்ளவத்தையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.