ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் ஊளைச் சத்தம்: பினியன் நட்டை இறுக்கலாமா?

கேள்வி:
பின்சக்கர டிரைவ் வண்டி. பின் ஆக்ஸிலில் கிரவுன் (சக்கரங்களைச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) 41 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் 10 பல். 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து "ஊஊ" என்று சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அடங்குகிறது, கியரிலேயே காலை எடுத்தால் கூடுகிறது. கிளட்சை மிதித்தால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. பினியன் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில் 1:
நட்டைத் தொடாதீங்க. டயர், வீல் பேரிங் சத்தம் வேகத்தோடு மாறும்; காலை எடுப்பதால் இவ்வளவு மாறாது. சந்தேகம் இருந்தால் காலியான ரோட்டில் லேசாக இடம் வலம் வளைத்துப் பாருங்க. ஒரு பக்கம் வளைக்கும்போது மட்டும் கூடினால் வீல் பேரிங். திரும்பும்போது மட்டும் கடகட என்றால் ஸ்பைடர் கியர் (வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சின்ன கியர்கள்) பக்கம் பார்க்கணும்.

உங்க அறிகுறி முன் பினியன் பேரிங்கைக் காட்டுது. மிதிக்கும்போது பினியன் கிரவுனை விட்டு முன்னால் தள்ளப்படும், அந்த பாரத்தைத் தலைப்பக்கப் பேரிங் (பினியன் பல்லை ஒட்டிய பேரிங்) தாங்கும். காலை எடுத்தால் பினியன் கிரவுனுக்குள் இழுபடும், அப்போ பாரம் முன் பேரிங்குக்கு. அது தேய்ந்து ப்ரீலோட் (ஆட்டம் வராமல் பேரிங்கை அழுத்தி வைக்கும் இறுக்கம்) போயிருந்தால் பல் பதியும் இடமே நகர்ந்துவிடும். ஊளை அங்கிருந்துதான்.

சோதிக்க: முன் சக்கரங்களுக்குக் கட்டை வைங்க, ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் தண்டு) கழற்றினால் கியர் வண்டியைப் பிடிக்காது. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஃப்ளாஞ்சில் (ஷாஃப்டைப் பினியனோடு சேர்க்கும் தட்டு) அடையாளம் போட்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்டை இறக்குங்க. ஃப்ளாஞ்சைப் பிடித்து உள்ளே வெளியே, மேலே கீழே ஆட்டுங்க. துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. சுற்றும் திசையில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, அதைக் குழப்பிக்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
உள்ளே வெளியே ஆட்டம் தெரிகிறது. ஆயிலை வடித்ததில் காந்தத்தில் சாம்பல் நிற மாவு, கூடவே 2 மி.மீ. அளவில் மெல்லிய செதில் ஒன்று.

பதில் 2:
மாவு இயல்பான தேய்மானம். செதில் அப்படியில்லை, மெல்லியதாக இருந்தால் பெரும்பாலும் பேரிங் ஓடுதளம் உரிந்தது. தடிமனாக, மூலை உடைந்த துண்டாக இருந்தால் பல். இரண்டுக்குமே திறந்துதான் பார்க்கணும்.

நட்டை இறுக்குவது ஏன் ஆபத்து: பல ஆக்ஸில்களில் இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவில் நசுங்கும் ஸ்லீவ் (குழாய் போன்ற துண்டு) இருக்கு. இறுக்கத்தில் அது ஒரு தடவைதான் சரியாக நசுங்கும். அளவு தாண்டினால் பேரிங் சூடேறி இறுகிப் பிடிச்சுக்கும், திருப்பித் தளர்த்தினாலும் ஸ்லீவ் பழைய நீளத்துக்கு வராது. அதனால் புது ஸ்லீவ், புது நட், புது சீல், இரண்டு பேரிங்கும் ரேஸோடு (வெளி வளையத்தோடு) மாற்றணும்.

நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் பினியனைச் சுற்றும் டார்க்கை அளங்க. கிரவுன் மாட்டுவதற்கு முன்னால், புது பேரிங்குக்குப் பொதுவாக 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் வரும். உங்க ஆக்ஸிலின் மேனுவல் அளவுதான் இறுதி. அப்புறம் டயல் கேஜில் பேக்லாஷ் (கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) அளங்க, பல கார்களில் 0.13–0.20 மி.மீ. கடைசியாக நாலைந்து பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, கிரவுன் பல்லின் உள்குழிந்த பக்கத்தைப் பாருங்க. காலை எடுக்கும்போது உழைப்பது அந்தப் பக்கம்தான். அங்கே வரிவரியாகக் கீறல் விழுந்திருந்தால் பேரிங் மாற்றியும் சத்தம் நிற்காது. கிரவுனையும் பினியனையும் ஜோடியாக மாற்றணும்.