தை மழையில் வெங்காயமும் மாம்பூவும் போச்சு: இனி எப்போது நடுவது?

கோண்டாவிலான்:
வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் 4 பரப்புத் தறையில் (கால் ஏக்கர் தோட்டக்காணி) வெங்காயம் வைக்கிறேன். ஐயா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. திருவெம்பாவை முடிந்து, விடியப்புறம் கேட்கிற சங்கு, சேமக்கலச் சத்தம் அடங்கினால் மாரி ஓய்ந்தது. விதை வெங்காயத்தைத் தறைக்குக் கொண்டு போகலாம்.

இந்த முறையும் அப்படித்தான் நட்டேன். பொங்கலுக்கு நல்ல வெயில். நாலாம் நாள் இரவு பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. செம்பாட்டு மண்தானே, தண்ணீர் நிற்காது என்று இருந்துவிட்டேன். தெற்குப் பள்ளத்தில் ஒன்றரை நாள் நின்றது. (ஒழுங்கையை உயர்த்திக் கொங்கிறீற்றுப் போட்ட பிறகு ஊர்த் தண்ணீருக்கெல்லாம் எங்கள் தறைதான் வழி.)

பத்து நாள் கழித்துப் பார்த்தால் கழுத்து நீண்டு, வெங்காயத் தாள் மஞ்சளாகி, முறுக்குப் பிழிந்த மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. ஒரு தாளைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வெளிறிய குழிப்புள்ளி, அதற்குள் வட்டமாகக் கறுப்புப் பொட்டுகள்.

முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரமும் அதே கதை. மார்கழியில் இலை தெரியாமல் பூத்த மரம். பூவெல்லாம் கறுத்துக் கிணற்றடியில் கொட்ட, அம்மா கடகத்தில் அள்ளினா. இப்போது செந்தளிர் விடுகிறது.

வெங்காயத்தைப் பிடுங்குவதா, விடுவதா? அடுத்த முறை நடுகையைத் தை கடைசிக்குத் தள்ளினால், வெங்காயம் கிண்டுகிற நேரம் சித்திரைச் சிறுமாரி பிடிக்குமே?

சுன்னாகத்து மண்வெட்டி:
தம்பி, அது திருகல் நோய். பூஞ்சணம். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கிற தெறிப்பில் ஒரு செடியிலிருந்து அடுத்ததுக்குப் பாயும். சுருண்டதைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கோ. வேலியோரம் எறிய வேண்டாம். பின்னேரம் இறைக்காமல் காலையில் இறையுங்கோ, இரவில் தாள் காய்ந்து இருக்கவேணும். யூரியாவை இப்போது தொடவேண்டாம். மருந்துக்கு, பிடுங்கிய செடியோடு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கோ. கடையில் கேட்டு அடிக்கிறதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முக்கியமான ஒன்று: நோய் விதையோடும் வரும். இந்தத் தறையில் விதைக்கு எடுக்காதீங்கோ.

2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டினதிலிருந்து நான் பாத்தியை ஒரு சாண் உயர்த்தித்தான் போடுகிறேன். கூலி கூடத்தான். ஆனால் தண்ணீர் வாய்க்காலோடு போய்விடும்.

மட்டுவில் முட்டிக்கத்தரி:
மாமரத்துக்குப் பதில். மா பூக்கிறதுக்கு இரவுக் குளிரும் காய்ந்த மண்ணும் வேண்டும். ஈரம் கிடைத்தால் மரம் பூவை விட்டுவிட்டுத் தளிருக்குப் போகும். செந்தளிர் விட்ட கொப்பில் இந்த வருடம் பூவைத் தேடாதீர்கள். தளிராத கொப்பு இருந்தால் பின்பூ கொஞ்சம் வரலாம். பாவமென்று அடியில் தண்ணீரும் பசளையும் போட்டுவிடாதீர்கள்.

மாரி பிசகினால் மரத்துக்கு மட்டுமில்லை. 2022 மார்கழியில் மண்டோஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் விறைத்துச் செத்தன. எங்கள் கன்றுக்குட்டிக்குச் சாக்குப் போர்த்தி, கொட்டிலில் இரவிரவாகக் கணப்பு மூட்டினோம்.

ஸ்காபரோச் சிவப்புக்கோட்டு:
அப்ப இந்த ஆடிக்கு ஊருக்கு வந்தால் கறுத்தக்கொழும்பான் இல்லையோ? ரிக்கெட் போட்டுட்டன்!

கோண்டாவிலான்:
சிவப்புக்கோட்டு அண்ணை, வாங்கோ. விலாட்டு மாம்பழமாவது தேடித் தருகிறேன்.

நேற்றும் இன்றும் ஒன்றரைப் பரப்பு மட்டில் பிடுங்கியாயிற்று. பிடுங்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது. விதை போதாமல் பாதியை வெளியில் வாங்கினேன். வாங்கிய விதை நட்ட பாத்திகள் மேட்டிலும் சுருண்டிருக்கின்றன. சொந்த விதை, தண்ணீர் நின்ற பள்ளத்தில் மட்டும்தான். மூன்று நாளாக மழையை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். மலிவாகக் கிடைக்கிறதென்று கையை விட்டவன் நான்தான்.

அடுத்த முறை பாதியைப் பழைய நாளிலும், மீதியை மூன்று கிழமை பிந்தியும் நடப்போகிறேன், இரண்டும் உயர்ந்த பாத்தியில். சிறுமாரி பிடித்தாலும் பாதிதானே.

மண்வெட்டி ஐயா, உங்கள் தறையில் நோய் இல்லையென்றால் விதைக்கு 2 அந்தர் (நூறு கிலோ மட்டில்) தருவீர்களா? கிண்டுகிற அன்று நானே வந்து பார்த்து எடுக்கிறேன்.