பழைய ஹார்டுடிஸ்கைப் புது கம்ப்யூட்டரில் மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மாடித்தோட்டம்:

2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டுடிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி, இங்கே விலை தாறுமாறாக ஏறிக் கிடந்த சமயத்தில் வாங்கிய 500 ஜிபி டிஸ்க் என்னுடையது. அன்று கொடுத்த காசு இன்னும் உறுத்துவதால் தூக்கிப் போட மனம் வரவில்லை. இப்போது வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருக்கிறோம். மதர்போர்டு புதுசு, பிராசசர் புதுசு, விண்டோஸ் போட ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும், சுற்றாத வேகமான டிஸ்க்). கூடவே இந்தப் பழையவரும் உள்ளே உட்காரட்டும் என்று முடிவு.

பாகங்கள் வாங்கிய கடையில், "பழைய டிஸ்கை அப்படியே மாட்டுங்க சார், விண்டோஸ் 7 தானா எந்திரிச்சு வந்துடும்" என்றார்கள். வரவில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) டிஸ்கின் பெயர் தெரிகிறது, எதிலிருந்து தொடங்கலாம் என்று காட்டும் பூட் பட்டியலில் மட்டும் அது இல்லை. பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய முறையில் போட்டது, புது போர்டு யூஇஎஃப்ஐ என்ற புது முறையில்தான் தேடுகிறது. பழைய முறைக்கும் இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை ஆன் செய்ததும் ஒருவழியாக விண்டோஸ் லோகோ வந்தது, பாஸ்வேர்டு கேட்கும் திரையும் வந்தது. வந்த வேகத்தில் மவுசின் அடியில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது, கீபோர்டும் அடங்கிவிட்டது. விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3-க்கான டிரைவர் கூடவே வராது. என் போர்டிலோ எல்லா யூஎஸ்பி போர்ட்டும் அந்தக் கன்ட்ரோலர் வழியாகத்தான் ஓடுகின்றன. பாஸ்வேர்டு கேட்கிறது, அடிக்கத்தான் வழியில்லை!

சரி, பழைய விண்டோஸை எழுப்பும் எண்ணத்தை விட்டாயிற்று. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11, பழைய டிஸ்க் டி டிரைவ். ஃபைல்கள் எல்லாம் தெரிகின்றன. இதே வேலையைச் செய்தவர்கள் என்னென்ன பார்த்தீர்கள்?

ரிச்சி தெரு வாசி:

அசெம்பிள் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நான் பார்க்கும் கேஸ் இது. வாடிக்கையாளர் ஒருவர், வேறு எங்கோ அசெம்பிள் செய்த புது மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய டிஸ்க் செத்துவிட்டதாம், அதைக் கழற்றிப் போட்டதும் புது எஸ்எஸ்டியிலிருந்தும் விண்டோஸ் வரவில்லையாம். "எஸ்எஸ்டி வாங்கி ஆறு மாசம்கூட ஆகலயே" என்று புலம்பல். எஸ்எஸ்டியில் கோளாறே இல்லை. விண்டோஸ் போட்டவர் பழைய டிஸ்கைக் கழற்றாமலே போட்டிருக்கிறார். அந்த டிஸ்கில் முன்பே விண்டோஸ் 10 இருந்ததால் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் பூட் ஃபைல்களுக்கான ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனும் இருந்திருக்கிறது. இன்ஸ்டாலர் அதைப் பார்த்ததும், பூட் ஃபைல்களை அங்கேயே வைத்துவிட்டு, சி டிரைவை மட்டும் எஸ்எஸ்டியில் போட்டுவிட்டது. அதாவது வீடு ஒரு தெருவில், வாசல் அடுத்த தெருவில். விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்கைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட்டில் சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, எஸ்எஸ்டியிலேயே ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி, பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் கட்டளை கொடுத்ததும் மெஷின் எழுந்தது.

உங்கள் மெஷினிலும் ஒருமுறை டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். 'ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்பது எஸ்எஸ்டி வரிசையில் இருக்க வேண்டும். உங்களுடையது எம்பிஆர் டிஸ்க் என்பதால் பெரும்பாலும் தப்பித்திருப்பீர்கள். இனி விண்டோஸ் போடப் போகிறவர்கள், பழைய டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகு, பவரை அணைத்துவிட்டு மாட்டினால் போதும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டி. இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. கேபிள் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா பவர் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. டிஸ்க் பக்கம் இருக்கும் முனைதான் எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் என்ன வோல்ட் என்பதற்குப் பொது விதியே கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறும். ஆனால் பிளக் கச்சிதமாக உட்காரும்! 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், டிஸ்கின் அடியில் இருக்கும் பச்சை போர்டு கருகிய வாசனையோடு என் மேசைக்கு வந்த டிஸ்குகள் உண்டு. உள்ளே தட்டு நன்றாகவே இருக்கும், ஆனால் டேட்டா எடுக்க ஆகும் செலவு புது கம்ப்யூட்டர் விலையைத் தொடும். மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பவர் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு கன்வெர்டரையும் தவிருங்கள். பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த வகையில் உள்ளே ஒயர்கள் உரசி உருகுகின்றன.

டிஸ்க் பயாஸிலேயே தெரியவில்லை என்றால் உடனே அது செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தானாக அடங்கிவிடும். இரண்டும் ஒரே பாதையைப் பங்கு போடுவதுதான் காரணம். கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். எந்த போர்ட் அடங்கும் என்று போர்டோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். அதை யார் படிக்கிறோம்?

திருப்பூர் கணக்கர்:

எனக்கு ஹார்டுவேரில் சிக்கலே வரவில்லை. மாட்டினேன், தெரிந்தது. ஆனால் பழைய யூசர் கோப்புறையைத் திறந்தால், உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. என் டிஸ்க், என் கணக்கு, எனக்கே அனுமதி இல்லையாம்! புது விண்டோஸுக்குப் பழைய விண்டோஸின் பயனரைத் தெரியாது, அவ்வளவுதான். 'கன்டினியூ' அழுத்தினால் வழி விடும், ஃபைல்கள் அதிகம் என்றால் பச்சைக் கோடு நகர நேரம் எடுக்கும். வேண்டிய கோப்புறைக்கு மட்டும் செய்யுங்கள், டிரைவ் முழுக்க உரிமை எடுக்கப் போனால் விடிந்துவிடும்.

இன்னொன்று, எங்கள் தொழில்காரர்களுக்காக. டாலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா டாக்குமெண்ட்ஸில் இருக்காது. டாலி போட்ட இடத்திலேயே டேட்டா என்ற கோப்புறைக்குள், வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறைகளாக இருக்கும். பார்த்தால் குப்பை மாதிரித் தெரியும். எங்கள் ஆபீஸில் ஒருவர் ஃபார்மேட் அடிப்பதற்கு முன் போட்டோ, எக்செல் எல்லாம் பத்திரமாக எடுத்தார். இது கண்ணில் படவே இல்லை.

பம்பலப்பிட்டி:

நீங்கள் எல்லோரும் சாட்டா பற்றிக் கதைக்கிறீர்கள், என்னிடம் இருந்தது அதற்கு முந்திய ஐடிஈ. அப்பாவின் பழைய கணினியில் இருந்த 80 ஜிபி வன்தட்டு, 40 பின், அகலமான ரிப்பன் கேபிள். புதுப் பலகையில் அதற்கு இடமே இல்லை. கொழும்பு யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் ஐடிஈயை யூஎஸ்பிக்கு மாற்றும் ஒரு கன்வெர்டர் வாங்கினேன். அதோடு தனி பவர் அடாப்டரும் வரவேண்டும், பார்த்து வாங்குங்கள். 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட் தேவை, யூஎஸ்பி போர்ட் அதைக் கொடுக்காது. மாட்டியும் தெரியவில்லை என்றால் பின்பக்கம் இருக்கும் குட்டி ஜம்பரை (பின்களை இணைக்கும் மூடி) பாருங்கள். என்னுடையது ஸ்லேவில் இருந்தது, மாஸ்டருக்கு மாற்றியதும் வந்தது.

கோப்புகள் வந்தன, வாசிக்கத்தான் முடியவில்லை. அப்பா ஊர்ச் சங்கத்துக் கடிதங்கள், பெரியம்மாவின் கல்வெட்டு (நினைவு மலர்), அக்காவின் கலியாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். புதுக் கணினியில் திறந்தால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பக்கம் முழுக்க இப்படியே. கடைக்காரப் பெடியன் பார்த்துவிட்டு "கோப்பு பழுதாப் போச்சு அண்ணை" என்றான். பழுது ஒன்றுமில்லை. இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள் பல, பாமினியைப் போல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வரைந்து வைத்திருந்தன. எழுத்துரு இல்லாவிட்டால் கீழே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும்.

பாமினியை இணையத்தில் தேடத் தேவை இருக்கவில்லை. அந்த வன்தட்டிலேயே, பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறைக்குள் இருந்தது. கூடவே அப்பா எங்கெங்கோ சேர்த்த வேறு தமிழ் எழுத்துருக்களும். பிரதி எடுத்துப் புதுக் கணினியில் நிறுவியதும் கடிதங்கள் தமிழாகின. பிறகு என்எச்எம் கன்வெர்டரில் போட்டு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன். ஆங்கிலம் கலந்து எழுதிய இடங்களில் முகவரியும் தொலைபேசி எண்ணுக்கு முன் உள்ள சொல்லும் தமிழ் எழுத்தாகக் குழம்பிப் போகும், கையால்தான் திருத்த வேண்டும். பழைய விண்டோஸ் கோப்புறை எதற்கு என்று அழிக்கப் போகிறவர்கள், முதலில் அந்த எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டம்:

பம்பலப்பிட்டி அண்ணா சொன்னதைப் படித்ததும் என் டிஸ்கிலும் போய்ப் பார்த்தேன், வானவில் எழுத்துருக்கள் இருந்தன. எடுத்து வைத்துவிட்டேன், நன்றி.

ரிச்சி தெரு அண்ணா, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. ஆனால் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தால் மஞ்சள் காட்டுகிறது. சி5-க்கு நேராக 8, 05-க்கு நேராக 0. ஓடிய நேரம் 21,000 மணிக்கு மேல். பயப்பட வேண்டுமா?

லினக்ஸ் தாத்தா:

மணி நேரத்தை விடுங்கள், அது வயசு மட்டும்தான். சி5 என்பது படிக்க முடியாமல் தகராறு செய்த, இன்னும் தீர்ப்பு வராத செக்டர்கள், அதாவது டிஸ்கின் சிறு துண்டுகள். 05 என்பது கெட்டதென்று ஒதுக்கி, மாற்று செக்டர் கொடுத்தாகிவிட்டவை. 8 என்று ஒட்டுமொத்தமாக வருவதற்குக் காரணம் உண்டு. புது வகை டிஸ்குகளில் உள்ளே செக்டர் 4096 பைட், வெளியே அதை 512 பைட் செக்டர்கள் எட்டாகக் காட்டும். ஆக உங்களுக்குச் சந்தேகம் ஒரே இடத்தில்தான். இன்னொரு விஷயம்: அந்த மென்பொருள் இந்த எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். 10 என்று இருந்தால் அது பதினாறு. எண்களைப் பார்த்து மன்றத்தில் அலறுகிறவர்கள், அலறாமல் இருக்கிறவர்கள் இரண்டு பேருமே இதைக் கவனிப்பதில்லை. ஃபங்ஷன் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுங்கள், முக்கியமானது முன்னால். காப்பி எடுக்கும்போது டக் டக்கென்று சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் ஒரே ஃபைலில் முட்டி மோதிக்கொண்டு நின்றால், லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, பழுதான டிஸ்கிலிருந்து காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூ ஓடவிடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எங்கே விட்டது என்று ஒரு கணக்கும் வைத்திருக்கும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காப்பி முடிந்ததும், குயிக் ஃபார்மேட் இல்லை, முழு ஃபார்மேட். விஸ்டாவிலிருந்தே அது டிஸ்க் முழுக்கச் சைபர் எழுதும். எழுதும்போது அந்த இடம் ஒத்துக்கொண்டால் சி5 இறங்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் 05 ஏறும். 05 வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் காயலாங்கடைதான். சி7 (கேபிள் வழியில் வரும் பிழைகள்) ஏறினால் மட்டும் டிஸ்கைத் திட்டாதீர்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

கோவைக் குசும்பன்:

நான் எதிர்க்கட்சி. இவ்வளவு பாடு எதற்கு? பெரிய ஃபைலை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 100 எம்பி கொடுக்கும், சரி. சின்னச் சின்ன ஃபைல்களில் ஒரு எம்பிக்கே திணறும். அதைவிட எரிச்சல், சும்மா இருந்தால் இருபது நிமிடத்தில் டிஸ்கை அணைப்பது விண்டோஸின் வழக்கம். அப்புறம் எதற்காவது எக்ஸ்புளோரரைத் திறந்தால் 'கிர்ர்ர்' என்று அது சுற்றி எழும்வரை புது கம்ப்யூட்டரே பேந்தப் பேந்த விழிக்கும். வேகத்துக்காகக் காசு போட்டு எஸ்எஸ்டி வாங்கி, பக்கத்திலேயே இதையும் கட்டிவைப்பதா? யூஎஸ்பி பெட்டியில் போட்டு அலமாரியில் வையுங்கள், தேவைப்படும்போது செருகுங்கள்.

மாடித்தோட்டம்:

முழு ஃபார்மேட் முடிந்தது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். சி5 இப்போது 0, 05-உம் 0 தான். நிறமும் நீலத்துக்கு வந்துவிட்டது. போட்டோக்கள் எஸ்எஸ்டியிலும் வெளி டிஸ்கிலுமாக இரண்டு இடத்தில் இருக்கின்றன. இதில் படங்கள், பாட்டு, சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர்கள் மட்டும். போனால் போகட்டும் ரகம். குசும்பன் சொன்ன 'கிர்ர்ர்' உண்மைதான், ஆனால் அது எனக்கு உறுத்தவில்லை. கேபினட் முழுக்க ஒரு ரீங்காரம் வருவதுதான் உறுத்துகிறது. பழைய பெட்டியில் இது இல்லையே?

ரிச்சி தெரு வாசி:

பழைய பெட்டி கனமான இரும்பு, இப்போது வருவது தகரம். டிஸ்க் டிரேயின் நான்கு ஓட்டைகளிலும் ரப்பர் வாஷர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் போட்டு, ஸ்க்ரூவை முட்ட முறுக்காமல் கொஞ்சம் தளர விடுங்கள். எஸ்எஸ்டிக்குப் போடும் மெல்லிய ஸ்க்ரூ இதற்குச் சேராது, 3.5 அங்குல டிஸ்குக்குத் தடித்த மரைதான். கேபினட்டோடு வந்த பையில் இருக்கும்.