முன்பதிவை மாற்றினால் விலைப் பாதுகாப்பு நீடிக்குமா?

காட்பாடி வாசகர்: வேலூர் ஷோரூம் ஒன்றில் முன்பதிவு செய்த காரின் வேரியண்டை (அதே மாடலில் வசதிகளால் வேறுபடும் வகையை), விலையேற்றத்துக்குப் பிறகு மாற்ற எண்ணுகிறேன். பழைய விலை கிடைக்குமா?

சத்துவாச்சாரி வாசகர்: பெரும்பாலான முன்பதிவுப் படிவங்களில், டெலிவரி நாளன்று நடப்பில் உள்ள விலையே செல்லும் என்று அச்சிட்டிருப்பதால், நிறுவனம் தனியாக விலைப் பாதுகாப்பு (விலை ஏறினாலும் முன்பதிவு நாளின் விலையே செல்லும் என்ற உறுதி) அறிவித்திருந்தால் மட்டுமே பழைய விலையைக் கோர முடியும். வேரியண்ட் மாற்றம் புதிய முன்பதிவாகக் கருதப்பட்டால், அந்தச் சலுகையோடு காத்திருப்பு வரிசையில் உங்கள் இடமும் போய்விடும்.

ராணிப்பேட்டை வாசகர்: ஐயா, வாய்மொழி உறுதியை ஏற்காதீர்கள்; பழைய பதிவுத் தேதியும் பொருந்தும் விலையும் மின்னஞ்சலில் வந்த பிறகே கையெழுத்திடுங்கள். வரி வேறு கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, முன்பே பதிவு செய்திருந்தாலும், அதன்பின் பில் போட்டு டெலிவரி எடுத்தவர்களுக்குப் புதிய விகிதமே பொருந்தியது.