லாட்ச்சுக்குத் ‘தாழ்’ வேண்டாம், ‘கொண்டி’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நினைவுச் சுற்றுகளுக்கான தமிழ்ச் சொற்களில், 0 அல்லது 1 என்ற ஒரு மதிப்பைப் பிடித்துவைக்கும் லாட்ச் (latch) என்ற சுற்றைத் ‘தாழ்’ என்று முடிவுசெய்துவிடலாம் என்ற கருத்து இந்தக் கலைச்சொல் விவாத இழையில் வலுப்பெற்று வருகிறது. தாழிடுதல் என்ற வினை அதிலிருந்து இயல்பாகவே கிடைப்பது பெரிய வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலக்கமுறை மின்னணுவியலில் சுழிய நிலையை நாம் ‘தாழ் நிலை’ என்றே எழுதிவருகிறோம். ‘தாழ் வெளியீடு மாறியது’ என்று பாடநூலில் அச்சிட்டால், லாட்ச்சின் வெளியீடு மாறியதா, சுழியமாக இருந்த ஏதோவொரு வெளியீடு மாறியதா என்று மாணவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

சுற்றுகளை ஒரே தாளத்தில் இயக்கும் கடிகாரத் துடிப்பு மாறும் கணத்தில் மட்டும் உள்ளீட்டை ஏற்கும் நினைவுச் சுற்றான ஃபிளிப்-ஃபிளாப்பை (flip-flop) ‘எழுவிழு’ என்கிறோம். அந்தச் சொல்லையே லாட்ச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. 1918இல் எக்கிள்சும் ஜோர்டனும் இரண்டு வெற்றிடக் குழல்களை ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்படி இணைத்துக் காப்புரிமை கோரிய சுற்றில் கடிகாரத் துடிப்பே கிடையாது. அதன் வழிவந்த எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் ஒரே பெயரால் அழைத்தார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

என் ஆய்வகத்தில் ஒரு மாணவி, நகர்வுப் பதிவகம் (ஒவ்வொரு துடிப்புக்கும் மதிப்புகளை ஓரிடம் நகர்த்தும் சுற்று) அமைப்பதற்கு ஃபிளிப்-ஃபிளாப் சில்லான 7474 கிடைக்காததால் லாட்ச் சில்லான 7475ஐ எடுத்து, அதிலுள்ள நான்கு லாட்ச்சுகளில் ஒவ்வொன்றின் வெளியீட்டையும் அடுத்ததன் உள்ளீட்டில் கோத்தார். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முதல் விளக்கு மட்டும் எரிய வேண்டும். நான்கும் ஒருசேர எரிந்தன. 7474, துடிப்பு ஏறும் விளிம்பில் மட்டுமே உள்ளீட்டை ஏற்கும். 7475இலோ, உள்ளீட்டை ஏற்க அனுமதிக்கும் இசைவுக் குறி (enable) உயர்ந்திருக்கும் வரை உள்ளே வருவதெல்லாம் அப்படியே வெளியே போகும். அவருடைய குறிப்பேட்டில் இரண்டு சில்லுகளுக்கும் நேராக ‘எழுவிழு’ என்றிருந்தது. அப்படிச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

ஆகவே எழுவிழு ஃபிளிப்-ஃபிளாப்புக்கு மட்டும் நிற்கட்டும். லாட்ச்சுக்குக் ‘கொண்டி’யை முன்மொழிகிறேன். கதவில் மாட்டுகிற கொண்டிதான். உள்ளீடுகள் எல்லாம் சுழியமானால் மட்டும் 1 தரும் நார் (NOR) தருக்க வாயில்கள் இரண்டை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டுக்குக் குறுக்காகக் கொண்டுபோனால், உள்ளீடு இரண்டும் சுழியமான பின்னும் கடைசியாக வைத்த மதிப்பு அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கிறது. ‘கொள்’ என்ற வேரும் அச்செயலையே சொல்கிறது. இசைவுக் குறி உயர்ந்திருந்தால் கொண்டி திறந்திருக்கிறது, இறங்கினால் கொண்டி மாட்டிவிட்டது என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. எஸ்ஆர் கொண்டி (SR latch), டி கொண்டி (D latch) என்று தொடர்களும் தடையின்றி அமைகின்றன. சங்க நூல்களில் கொண்டி கொள்ளைப்பொருளையும் குறிக்கும் என்பது உண்மைதான். மின்சுற்றுப் பாடத்தில் அப்பொருள் யாருக்கும் குறுக்கே வராது.

டி எழுவிழுவை ‘இரட்டைக்கொண்டி’ என்றழைக்கலாம் என்ற யோசனையை மட்டும் தவிர்ப்போம். ஒன்றன் மதிப்பை மற்றது பின்பற்றும் முதன்மை-சார்பு (master-slave) அமைப்பில் இரண்டு கொண்டிகள் தொடராக நிற்பது சரிதான், ஆனால் 7474இன் உள்ளே ஒவ்வோர் எழுவிழுவும் மூன்று எஸ்ஆர் கொண்டிகளால் ஆனது. எண்ணிக்கையை வைத்துப் பெயரிட்டால் அடுத்த சில்லிலேயே பெயர் பொய்த்துவிடும்.

தருக்க வாயிலைத் தருக்கப் படலை (படலை: வேலி வாயிலில் உள்ள கதவு) என்று எழுதும் இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் ஊர்க் கதவுகளில் கொண்டி என்ற சொல் வழக்கில் உள்ளதா, அல்லது படலைக்குப் பொருந்தும் வேறு சொல் உண்டா?