கவுன்சில் வீடு: கனகாலம் இருந்தவனுக்கா, கஷ்டத்தில இருக்கிறவனுக்கா?

வடலியூரான்:
லண்டனில இருக்கிற ஹில்லிங்டன் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) 2013இல ஒரு விதி கொண்டுவந்தது. குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கிற கவுன்சில் வீட்டுக்குப் பேர் பதியிறதெண்டால் அந்த இடத்தில 10 வருசம் தொடர்ந்து இருந்திருக்கவேணும். 2019இல மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விதி ஐரிஷ் நாடோடிக் குடும்பங்களையும் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவையையும் மற்றவையைவிடக் கூடப் பாதிக்குது, கவுன்சில் அதுக்கு ஒழுங்கான நியாயம் சொல்லேல்லை எண்டு தீர்ப்புக் குடுத்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு இண்டைக்கும் சரியாப் படேல்லை. ஒரு இடத்தில 10 வருசம் இருந்து, வேலை செய்து, கவுன்சில் டக்ஸ் கட்டி, பிள்ளைகளை அங்கயே படிப்பிச்சவனுக்கு முதலிடம் குடுத்தால் என்ன பிழை? போன மாசம் வந்து இறங்கினவர் ஹோம்லெஸ் எண்டு போய் நிண்டவுடன அவனைத் தாண்டிப் போறார்.

ஈஸ்ட்ஹாம் வாசி:
அண்ணை, போன மாசம் வந்து இறங்கினவர் அந்த வரிசையின்ர வாலைக்கூடப் பிடிக்க ஏலாது. ஸ்டுடண்ட் விசா, வேர்க் விசா எண்டு வந்தவைக்குப் பொதுநிதி கிடையாது, பேரே பதிய மாட்டினம். அகதிக் கோரிக்கை போட்டிட்டு இருக்கிறவையை வைச்சிருக்கிறது ஹோம் ஒபிஸ், அதுக்கும் கவுன்சில் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்தில புதுசாக் குடுக்கிற சமூக வீடுகளில பத்துக்கு ஒன்பது பிரித்தானியக் குடியுரிமை உள்ளவைக்குத்தான் போகுது. வாட்ஸப்பில வாறதை வைச்சுக் கதைக்காதேங்கோ.

மதுரைக்காரி:
நான் ஒரு ஆலோசனை மையத்துல வார இறுதியில ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறேன், அதனால கொஞ்சம் சொல்லலாம். 1996 ஹவுசிங் சட்டம் சில பேருக்கு நியாயமான முன்னுரிமை கொடுத்தே ஆகணும்னு சொல்லுது. வீடில்லாதவங்க, நெரிசலான அல்லது சுகாதாரமில்லாத வீட்டுல இருக்கிறவங்க, உடல்நலக் காரணம் உள்ளவங்க, ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மாறலைன்னா கஷ்டப்படப் போறவங்க. 2011 லோக்கலிசம் சட்டம் வந்த பிறகு, பட்டியல்ல யாரைச் சேர்க்கிறதுன்னு தகுதி வைக்கிற அதிகாரம் கவுன்சில்களுக்குக் கிடைச்சுது. 2013 டிசம்பர்ல அரசாங்கமே குறைஞ்சது 2 வருஷ வசிப்பு கேளுங்கன்னு வழிகாட்டுச்சு. அதனால வசிப்பு விதியே தப்புன்னு எந்தக் கோர்ட்டும் சொல்லலை. ஹில்லிங்டன் அதை நியாயப்படுத்தலைன்னுதான் சொன்னாங்க.

உங்க வாதத்துக்கும் சாதகமா ஒரு தீர்ப்பு இருக்கு சார். 2009இல நியூஹாம் வழக்குல, அப்போ உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை, முன்னுரிமை உள்ளவங்களுக்குள்ள யார் முதல்னு காத்திருந்த காலத்தை வெச்சு முடிவு பண்றது சட்டவிரோதம் இல்லைன்னு சொல்லிடுச்சு.

வடலியூரான்:
பாருங்கோ, அதைத்தான் நானும் கேக்கிறன். என்ர மகளும் மருமகனும் ரெண்டு பேரும் வேலை. ஒரு அறை பிளாட், ரெண்டு பிள்ளைகள், தனியார் வாடகை. கவுன்சில் பட்டியலில பாண்ட் சி, அதாவது முன்னுரிமைத் தட்டு சி. ஒவ்வொரு கிழமையும் காலியான வீடுகளுக்கு ஒன்லைனில பிட் பண்ணுவாள் (விண்ணப்பிப்பாள்), முடிவில "உங்கள் இடம்" எண்டு நூறுக்கு அங்கால ஒரு நம்பர் வரும். ஃபார்ம் நிரப்பத் தெரிஞ்சவனும் அழத் தெரிஞ்சவனும் மேல போறான். வாயில்லாதவன் வாடகை கட்டிக்கொண்டே இருக்கிறான்.

மதுரைக்காரி:
ஃபார்ம் விஷயத்துல நீங்க சொல்றது பாதி உண்மை. டாக்டர் லெட்டர்ல "இவருக்கு ஆஸ்துமா" னு ஒரு வரி இருக்கும், அதை வெச்சு பாயிண்ட் எதிர்பார்ப்பாங்க. கவுன்சில் பார்க்கிறது வியாதியை இல்லை, இந்த வீடு அந்த வியாதியை என்ன பண்ணுதுங்கிறதை. எந்தச் சுவர்ல பூஞ்சை, குழந்தை படுக்கிறது அந்தச் சுவர் ஓரமா, படி எத்தனை, லிஃப்ட் அடிக்கடி நிக்குதா, குளிக்கிற தொட்டிக்குள்ள கால் தூக்கி வைக்க முடியுதா. பல இடத்துல மருத்துவ ஆலோசகர் ஆளையே பார்க்காம பேப்பரைப் பார்த்துதான் கருத்து சொல்றார். அதை எழுதத் தெரியாதவங்க நிஜமாவே கீழே நிக்கிறாங்க. அதுக்காக 10 வருஷ விதி எப்படி மருந்தாகும்?

கூடாரம்:
வடலியூரான் அண்ணா, ஹோம்லெஸ் எண்டால் உடன சாவியைக் கையில தருவினம் எண்டு நினைச்சிட்டியள் போல. எங்களுக்கு வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்தார். கவுன்சிலுக்கு ஓடினால், பெய்லிவ் (கோர்ட் ஆணையோட வெளியேத்த வாறவர்) வரும்வரைக்கும் அந்த வீட்டிலயே இருங்கோ எண்டினம். அதுக்கு முன்னம் வெளிக்கிட்டால், வேணுமெண்டு வீட்டை விட்டதாக எடுத்துப்போடுவினமாம். பெய்லிவ் வந்தார். பிறகு வேற பரோவில, அதாவது வேற கவுன்சில் பகுதியில, ஒரு ஹொட்டேல் அறை. ஒரு மைக்ரோவேவ், ஒரு கேத்தில், பிள்ளைக்கு ஹோம்வேர்க் கட்டிலில. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ். பிள்ளை உள்ள குடும்பத்தை 6 கிழமைக்கு மேல பி அண்ட் பியில (ஹொட்டேல் மாதிரித் தங்குமிடத்தில) வைக்கக்கூடாது எண்டு சட்டம் இருக்கு, எங்களுக்கு அது கனக்கத் தாண்டிப்போச்சு. இப்ப ரெம்பரரி (தற்காலிக) பிளாட். நாங்களும் உங்கட மகள் மாதிரித்தான் கிழமைக்குக் கிழமை பிட் பண்ணுறம்.

ஈஸ்ட்ஹாம் வாசி:
இங்கிலாந்தில 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல குடும்பங்கள், இங்க எழுதின "கூடாரத்தின்ர" குடும்பம் மாதிரி, ரெம்பரரி வீடுகளில இருக்கினம். வெஸ்ட்மின்ஸ்டர் ஒரு தாயையும் பிள்ளைகளையும் மில்ரன் கீன்ஸ் பக்கம் அனுப்பப் பார்த்து, 2015இல சுப்ரீம் கோர்ட்டில வாங்கிக் கட்டிச்சுது. ஏன் கிட்டடியில வீடு குடுக்க ஏலாது எண்டதைக் காட்டாமல் தூர அனுப்ப ஏலாது எண்டு தீர்ப்பு. இதைச் சலுகை எண்டு ஆரும் சொல்லுவினமோ?

இன்னொண்டு. 1960களில பேர்மிங்ஹாமில 5 வருச வசிப்பு விதி இருந்தது. அதில அடிபட்டது கரீபியனில இருந்தும் இந்தியா பாகிஸ்தானில இருந்தும் வந்தவை. 83க்குப் பிறகு வந்த எங்கட ஆக்களுக்கும் இப்பிடி ஒரு 10 வருச விதி இருந்திருந்தால் எங்க நிண்டிருப்பினம்?

வடலியூரான்:
எங்க நிண்டம் எண்டு எனக்குச் சொல்லித் தாறியளோ? சொந்தக்காரற்ற ஒரு அறையில அஞ்சு பேர் ஷிப்ட் போட்டுப் படுத்தம். பெற்றோல் ஷெட்டில இரவு வேலை. கவுன்சிலிட்ட கையேந்தாமல்தான் தொடங்கினம்.

கணக்கப்பிள்ளை:
இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் எல்லோரும் சட்டியில் இல்லாததை அகப்பையால் பங்கிடப் பார்க்கிறீர்கள். 2024 கணக்கில் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியலில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். இருக்கிற கவுன்சில் வீட்டை வாடகைக்காரரே வாங்கலாம் என்ற 1980 சட்டத்துக்குப் பிறகு, அவர்களுக்குக் கழிவில் விற்கப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 20 லட்சம். வடலியூரான் அண்ணை, வீட்டுக் கடன் பற்றிய திரியில் நீங்களே எழுதினீர்கள், கவுன்சில் பிளாட்டைத்தான் கழிவில் வாங்கினேன் என்று. அந்த பிளாட் இன்றைக்கும் கவுன்சிலிடம் இருந்திருந்தால் உங்கள் மகள் பிட் பண்ணுவதற்கு ஒரு வீடு கூடுதலாக இருந்திருக்கும்.

வடலியூரான்:
ஓம், வாங்கினன். சட்டம் தந்தது, ஒழுங்கா மோர்ட்கேஜ் எடுத்துக் கட்டி முடிச்சன். நான் குடுத்த காசில இன்னொரு வீடு கட்ட விடாமல் கவுன்சிலின்ர கையைக் கட்டினது ஆர்? அரசாங்கம். அதைப் போய்க் கேளுங்கோ. இப்ப 2024 நவம்பரில லண்டனில பெரும்பாலான இடத்தில கழிவை 16,000 பவுணுக்குக் குறைச்சாச்சு, அதுக்கு முன்னம் லட்சத்துக்கு மேல. கதவை இனித்தான் சாத்தினம்.

கணக்கப்பிள்ளை:
உங்களைக் குற்றம் சொல்லவில்லை. விற்ற காசில் பெரும்பகுதியைக் கடன் அடைக்கப் போடச் சொன்னது அரசாங்கம்தான், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இருக்கிற நாலு வீட்டுக்கு 10 வருசக்காரன், 2 வருசக்காரன் என்று நாங்களே அடிபட்டால் அவர்களுக்கு வசதி.

மதுரைக்காரி:
சார், சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க பேரப்பிள்ளைங்க வயசு என்ன? பையனா பொண்ணா?

வடலியூரான்:
பெடியனுக்கு 9, பெட்டைக்கு 7. ஏன்?

மதுரைக்காரி:
பொதுவா 10 வயசு ஆகாத பசங்க ஆணும் பெண்ணுமா ஒரே அறையைப் பகிரலாம்னு கணக்கு. இப்போ உங்க பொண்ணுக்கு ஒரு அறைதான் குறைவு. பையனுக்கு 10 ஆனதும் ரெண்டு அறை குறைவு ஆயிடும், நிறைய கவுன்சில்ல அது கடும் நெரிசல், பாண்ட் ஏறும். கவுன்சில் தானா மாத்தாது. பிறந்தநாள் அன்னைக்கே நிலைமை மாறிடுச்சுன்னு எழுதிப் போடச் சொல்லுங்க, பிறப்புச் சான்றிதழ் நகலோட. மாத்த மாட்டேன்னா மறுபரிசீலனை கேட்கிற உரிமை இருக்கு.

வடலியூரான்:
மார்ச்சில 10. சொல்லுறன், நன்றி பிள்ளை. பாண்ட் ஏறினால் இவ்வளவு காலமும் நிண்ட கணக்கும் அதோட வரும்தானே?

மதுரைக்காரி:
அது உங்க கவுன்சிலோட விதியைப் பார்க்கணும். பல இடத்துல வராது. மேல் பாண்டுக்குப் போன தேதியிலிருந்துதான் புதுசா எண்ணுவாங்க.

வடலியூரான்:
அப்ப இத்தினை வருசம் நிண்டது?

மதுரைக்காரி:
பழைய பாண்டோட போச்சு.

வடலியூரான்:
பிறகு நான் காத்திருந்த காலத்துக்கு மதிப்பில்லை எண்டு சொன்னால் மட்டும் எல்லாரும் என்னோட பாய வாறியள்.